கழுவிய காசு

திருவனந்தபுரத்து ஆரியசாலையில் சாம்பசிவன் கையால் காப்பி வாங்கிக் குடிக்காதவர்கள் குறைவு. ஆனால் அவர் முகம் எப்படி இருக்கும் என்று அவர்களில் ஒருவரைப் பிடித்துக் கேட்டால் விழிப்பார்கள். தோளில் ஒரு ஈரத் துண்டு, இடது கையில் அடுக்கிய டபராக்கள், "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்ற குரல், அந்தக் குரலுக்கு நடுவே அடக்கி விழுங்கிய ஓர் இருமல். சாம்பு என்றால் அவ்வளவுதான். பரிமாறுகிறவன் முகத்தைப் பார்க்க யாருக்கு என்ன அவசியம்?

பிறந்தது அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். தகப்பனார் சமையல்காரர். கல்யாணச் சமையல் அல்ல. சிராத்தத்துக்கும் பத்தாம் நாள் காரியத்துக்கும் சமைக்கப் போகிறவர். அந்தச் சமையலில் மடி என்றால் மடிதான். உடுத்திய ஈர வேஷ்டி காய்வதற்குள் அடுப்பு மூட்டியாக வேண்டும். கடைசிப் பாத்திரம் இறங்குகிற வரையில் வாயில் ஒரு சொட்டு ஜலம் படக் கூடாது. அப்பாவுக்குக் கூடமாட நின்று வளர்ந்த சாம்பசிவன், எச்சில் என்ற சொல்லுக்குப் பயந்த அளவு பாம்புக்குக்கூடப் பயந்ததில்லை. பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு சரி. இருபத்திரண்டு வயதில், கட்டிய மனைவி பாகீரதியோடும் ஒரு தகரப் பெட்டியோடும் செங்கோட்டை வழியாக ரயிலேறித் திருவனந்தபுரத்துக்கு வந்து சேர்ந்தார். ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் ஒற்றை அறை வாடகைக்குக் கிடைத்தது. ஆரியசாலையில் வெங்கடேஸ்வரையரின் காப்பி கிளப்பில் வேலை கிடைத்தது. குழந்தை மட்டும் கிடைக்கவில்லை.

கிளப்பில் அவருக்குக் கிடைத்தது அடுக்களை. பெரிய அடுப்பு, தாழ்ந்த கூரை, ஒரே ஒரு ஜன்னல். இந்த ஊரில் வருஷத்தில் பாதி நாள் மழை. விறகு காய்வதே இல்லை. ஊதி ஊதிப் பதின்மூன்று வருஷம் அந்தப் புகையை உள்ளே வாங்கினார். முதலில் இருமல், பிறகு இளைப்பு, பிறகு ராத்திரியில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடிய வைப்பது. தர்மாஸ்பத்திரி டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "இனி அடுப்புக்கு முன்னால் நின்றால் எனக்கு உன்னைப் பார்க்கிற வேலை அதிக நாள் இருக்காது" என்றார்.

வெங்கடேஸ்வரையர் கெட்டவர் அல்லர். யோசித்து, சாம்பசிவனை ஹாலுக்கு மாற்றினார். ஆனால் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"இதோ பார் சாம்பு, ஹால்ல நிக்கறவனுக்குச் சம்பளம் பாதிதான். மிச்சத்தை மேசை கொடுக்கும். இன்னொண்ணு, உன்பேர்ல ஒரு புகார், ஒண்ணே ஒண்ணு, என் காதுல விழுந்ததோ, மறுபடி அடுப்புதான். அப்புறம் நெஞ்சு வலிக்கறதுன்னு எங்கிட்ட வரப்படாது."

"வராது அண்ணா" என்றார் சாம்பசிவன். புகார் வராது என்றாரா, வலி வராது என்றாரா என்று அவருக்கே தெரியவில்லை. ஹாலில் ஆறு ஜன்னல்கள். முதல் நாள் அங்கே நின்று மூச்சை இழுத்தபோது தலை சுற்றியது.

மேசை கொடுக்கும் என்று முதலாளி சொன்னது இனாமைத்தான். சாப்பிட்டு எழுகிறவர் இலைக்குப் பக்கத்திலோ டபராவுக்கு அடியிலோ ஒரு காசை வைத்துவிட்டுப் போவார். வெள்ளைக்காரன் ஊர் வழக்கமாம்; ரயிலோடு வந்தது. அதிலும் எத்தனை ரகம்! சாலைக் கடைவீதி வியாபாரிகள் கிளப்பில் வருஷம் முழுக்கச் சாப்பிடுவார்கள், ஒரு சல்லி வைக்க மாட்டார்கள். வக்கீல்கள் கேஸ் ஜெயித்த நாளில் மட்டும் வைப்பார்கள். ஆகையால் காலையில் கோர்ட்டுக்குப் போகிறவரைவிடச் சாயங்காலம் கோர்ட்டிலிருந்து வருகிறவரின் முகத்தைத்தான் சாம்பசிவன் பார்ப்பார். நாஞ்சில் நாட்டு நெல் வியாபாரி கோலப்பப் பிள்ளை காசே வைப்பதில்லை. ஆனால் பேச்சால் வயிறு நிறைத்துவிடுவார். எல்லாருக்கும் மேலே பஞ்சாபகேசையர். கணக்கு ஆபீஸில் இருந்து பென்ஷன் வாங்கியவர். தினம் காலை ஏழரை மணிக்கு ஜன்னலோர மேசை, இரண்டு இட்டலி, ஒரு காப்பி, அரைச் சக்கரக் காசு இனாம். அந்த அரைச் சக்கரத்தை மேசையில் இரண்டு தடவை தட்டி, நாலு பேர் திரும்பிப் பார்த்த பிறகுதான் வைப்பார்.

வருகிற காசை அப்படியே எடுத்து இடுப்பில் செருகச் சாம்பசிவனால் முடியவில்லை. இலை கிடந்த மேசை எச்சில். அதில் கிடக்கிற காசும் எச்சில். முதல் நாளே பாகீரதியும் சொல்லிவிட்டாள்.

"எச்சில் காசை மடியில கட்டிண்டு அடுப்பங்கரைக்குள்ளே வராதேங்கோ. எங்கேயாவது ஜலத்தைக் காட்டிட்டு வாங்கோ. நமக்குன்னு இருக்கறது இந்த ஆசாரம் ஒண்ணுதானே."

ஹாலுக்குப் பின்னால் ஒரு நடை. அதன் கோடியில் பாத்திரம் தேய்க்கிற தொட்டி. கூட்டம் தணிகிற நேரம் பார்த்துச் சாம்பசிவன் அங்கே போவார். காசுகளை ஒரு கிண்ணத்தில் போட்டு மேலாகத் தண்ணீரை ஊற்றி, ஒரு குலுக்குக் குலுக்கி, துண்டில் துடைத்து இடுப்பில் செருகிக்கொள்வார். வக்கீல் காசு, வியாபாரி காசு, பஞ்சாபகேசையர் காசு எல்லாம் ஒரே குலுக்கல்தான். ஐந்து வருஷமாக நடந்தது. ஒருவர் கண்ணிலும் பட்டதில்லை.

இப்படி இருக்கையில்தான் கொல்லம் ஆண்டு 1112, அதாவது இங்கிலீஷ் 1936, துலா மாதத்தில் கோயில் பிரவேச விளம்பரம் வந்தது. எல்லா ஜாதிக்காரர்களும் கோயிலுக்குள் போகலாம் என்று மகாராஜாவின் கட்டளை. கிளப்பில் கோலப்பப் பிள்ளை போன்றவர்களுக்கு முன் ஹால்; உள் ஹால் வாசலுக்கு மேலே 'பிராமணாள் மட்டும்' என்று ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது. வெங்கடேஸ்வரையர் ஒரு மாதம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு நாள் ஸ்டூலைப் போட்டு ஏறித் தாமே கழற்றினார்.

"பத்மநாபனே உள்ளே வான்னு சொல்லிட்டான். நான் தோசைக்கு மறியல் பண்ணினா நன்னாவா இருக்கும்? அதுவுமில்லாம, காசுக்கு என்னடா ஜாதி?" என்றார் சமையல்காரர்களைப் பார்த்து.

பலகை போய்விட்டதே தவிர, அது இருந்த சுவரில் வெள்ளையடிக்காத ஒரு நீள் சதுரம் இருந்தது. பழைய வாடிக்கைக்காரர்கள் அந்தச் சதுரத்துக்குக் கீழேயேதான் உட்கார்ந்தார்கள்.

அடுத்து வந்த கர்க்கடக மாதம், நம் ஆடி. விட்டு விட்டு மழை. ஒரு மத்தியானம் கக்கத்தில் குடையோடு ஓர் இளைஞர் உள்ளே வந்தார். வெளுத்த வேஷ்டி, புதுச் சட்டை, பையில் ஒரு பேனா. உள் ஹால் வாசலில் ஒரு கணம் தயங்கி, பிறகு வேகமாக வந்து சாம்பசிவனின் மேசையில் உட்கார்ந்தார். பெயர் வேலப்பன், ஊர் வித்துரா, பி.ஏ. பாஸ் செய்து சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாகி ஒரு மாதம். இவ்வளவையும் சாம்பசிவன் கேட்கவில்லை. தோசை வருவதற்குள் அவரே சொல்லிவிட்டார். எந்த ஜாதி என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் தெரிந்துகொண்டார்கள். போன வருஷமாயிருந்தால் அவர் தெருவில் நின்றுதான் காப்பியை வாங்கிக் குடித்திருக்க வேண்டும்.

"சாமி, இன்னைக்கு எனக்கு முதல் சம்பளம், கேட்டோ?" என்றார் வேலப்பன். "ஆரியசாலையில சாமிமாரோட கிளப்பில், உள்ளே இருந்து தோசை தின்னேன்னு சொன்னா என் அச்சன் விசுவசிக்க மாட்டார்."

சாம்பசிவன் சிரித்தார். மற்றவர்களைக் கூப்பிடுவது போல 'சார்' என்று கூப்பிட வாயெடுத்தார், வரவில்லை. "இன்னும் ஒரு தோசை?" என்று மொட்டையாகக் கேட்டார்.

"கொண்டு வாங்கோ. இன்னைக்கு வயிறு பார்க்கிற நாள் இல்லை."

சாப்பிட்டு, கை கழுவி, வேலப்பன் மேசைக்குத் திரும்பி வந்தார். டபராவுக்கு அடியில் எதையோ வைத்துவிட்டு, "வரேன் சாமி" என்று தலையசைத்துப் போனார். சாம்பசிவன் டபராவைத் தூக்கினார். ஒரு வெள்ளிப் பணம். நாலு சக்கரம்! பஞ்சாபகேசையர் எட்டு நாள் தட்டித் தட்டி வைக்கிற காசை இந்தப் பிள்ளை ஒரே வேளையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். புதுப் பணம், கண்ணாடி மாதிரி இருந்தது.

நடைக்குப் போனார். மற்றக் காசுகளை வழக்கம்போலக் கிண்ணத்தில் குலுக்கித் துடைத்தாயிற்று. அந்தப் பணம் மட்டும் உள்ளங்கையில் இருந்தது. தொட்டி விளிம்பில், பித்தளைத் தம்ளர் தேய்க்க வைத்திருந்த புளிச்சக்கை. அவர் கை அதை எடுத்தது. ஒரு தடவை தேய்த்தார். திருப்பிப் போட்டு மறு பக்கமும் தேய்த்தார். களிம்பு இல்லை, அழுக்கு இல்லை, எதற்குத் தேய்க்கிறோம் என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்ளவும் இல்லை. தண்ணீரை ஊற்றினார். போதாதென்று தோன்றியது. மறுபடியும் ஊற்றினார்.

நிமிர்ந்தபோது நடை வாசலில் வேலப்பன் நின்றுகொண்டிருந்தார். தெருவில் மழை பிடித்துக்கொண்டதில், கை கழுவும்போது அங்கே சாய்த்து மறந்துவிட்டுப் போன குடையை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறார். அவ்வளவு தூரத்திலிருந்து புளி தெரிந்திருக்காது. தம்முடைய வெள்ளிப் பணமும், அதன்மேல் விழுகிற தண்ணீரும் தெரிந்தன.

"கழுகிக்கோங்கோ" என்றார் வேலப்பன். குரல் உயரவில்லை. "நல்லா கழுகிக்கோங்கோ சாமி. மூணு தலைமுறை அழுக்கு இருக்கும்."

குடையை எடுத்தார். ஆனால் அதை விரிக்காமல் மழைக்குள்ளேயே இறங்கிப் போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. அவர் ஆபீஸிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். நேராகச் சாம்பசிவனின் மேசையில் உட்கார்ந்தார்கள். தோசை, காப்பி, எல்லாம் ஒழுங்காக நடந்தது. எழுந்திருக்கும்போது ஒருவர் பின் ஒருவராகத் தாங்கள் குடித்து மீந்த தண்ணீர்த் தம்ளரில் ஒரு சக்கரத்தைப் போட்டார்கள். டிணுக், டிணுக் என்று ஐந்து சத்தம்.

"எடுத்தோ சாமி" என்றார் ஒருவர். "ஞங்களே கழுகியாச்சு."

"சாமிக்கு ஜோலி குறைஞ்சது, இல்லியா?" என்றார் இன்னொருவர். கல்லாவில் பணம் கொடுக்கும்போது நேற்று நடந்ததையும் சொல்லிவிட்டு, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்துக்கொண்டே போனார்கள்.

ஐந்து தம்ளர்களுக்கு முன்னால் சாம்பசிவன் நின்றார். ஐந்தும் எச்சில் ஜலம். அதற்குள் விரலை விடாமல் காசை எடுக்க முடியாது.

"சாம்பு, இங்கே வா!" கல்லாவிலிருந்து வெங்கடேஸ்வரையர் கூப்பிட்டார். ஜன்னலோர மேசையில் பஞ்சாபகேசையர் இரண்டாவது இட்டலியில் இருந்தார். அடுத்த மேசையில் கோலப்பப் பிள்ளை.

"என்னடா இது கூத்து? நேத்திக்கு வந்த பிள்ளை காசை நீ கழுவினயாமே? அவா ஒரு பெட்டிஷன் எழுதிப் போட்டா நாளைக்கு என் கடை வாசல்ல பூட்டு தொங்கும், தெரியுமோ? கழுவினயா இல்லையா, அதைச் சொல்லு."

"கழுவினேன் அண்ணா."

"ஏன்?"

அடுக்களையிலிருந்து புகை நாற்றம் வந்தது. சாம்பசிவனுக்குச் சொல்வதற்கு ஒரு வழிதான் இருந்தது. அது நியாயமான வழி என்றும் அவருக்குத் தோன்றியது.

"அவர் காசுன்னு இல்லே அண்ணா. எல்லார் காசையும் கழுவறேன். ஹாலுக்கு வந்த நாளா. ஒருத்தர் பாக்கி இல்லே. இலை பக்கத்துல கெடக்கறதை அப்படியே எப்படி மடியில வெச்சுக்கறது?"

சொன்ன உடனேயே ஹால் அடங்கிப்போனது. அப்போதுதான் அவருக்குத் தம் தப்புப் புரிந்தது.

பஞ்சாபகேசையர் இட்டலியைப் பிட்ட கையை இலைமேலேயே வைத்துக்கொண்டு கேட்டார். "எல்லார் காசையுமா?"

"ஆமாம் மாமா."

"என் காசையுமா?"

சாம்பசிவன் அவருடைய டபராவைப் பார்த்தார்.

"டேய், விடியக்காலம் ஸ்நானம் பண்ணி, நிர்மால்யம் தொழுதுட்டு வந்து இங்கே உக்கார்றேன். என் கைபட்ட காசு உனக்கு எச்சிலா? அஞ்சு வருஷமா நான் பார்த்துப் பார்த்து வெச்சதையெல்லாம் கொண்டுபோய் அலம்பிட்டா எடுத்துண்டே? அவன் காசும் என் காசும் ஒரே தொட்டியிலயா?"

கோலப்பப் பிள்ளைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நல்ல காலம் வே, நான் ஒரு சல்லிக்காசு வச்சதில்ல. நம்மள யாரும் கழுவல்ல, பாத்துக்கிடும்!"

யாரும் அதற்குச் சிரிக்கவில்லை. பஞ்சாபகேசையர் காப்பி குடிக்காமலே எழுந்தார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். ஹாலில் கொஞ்ச நஞ்சம் சாம்பசிவனுக்குப் பரிந்து பேசியிருக்கக் கூடியவர்கள் அவர்கள்தான்.

வெங்கடேஸ்வரையர் வெகு நேரம் கல்லா மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒரு தரப்பைச் சமாதானம் பண்ணினா இன்னொரு தரப்பு எழுந்து போறது. நான் என்ன பண்ணுவேன் சாம்பு? அன்னிக்கே சொன்னேன். துண்டைக் கழத்தி வெச்சுட்டு உள்ளே போ."

அன்று ராத்திரி பாகீரதி அவர் வேஷ்டியை முகர்ந்து பார்த்தே தெரிந்துகொண்டாள். புகை.

"கழுவச் சொன்ன பாவி நான்னா!" என்று நெற்றியில் அறைந்துகொண்டாள். "எல்லாக் காசையும் கழுவறதுதான்னு அந்தப் பிள்ளைகிட்டே போய்ச் சொல்லப்படாதோ? படிச்ச பிள்ளை, புரிஞ்சுக்க மாட்டானா?"

"சொல்லலாம்" என்றார் சாம்பசிவன். புளிச்சக்கையைப் பற்றி அவர் அவளிடம் சொல்லவில்லை.

பிறகு எட்டு மாதம் அடுப்பு. அந்த வருஷம் மழை துலா மாதம் தாண்டியும் விடவில்லை. விறகு அடுப்பில் கிடந்து அழும்; சாம்பசிவன் முன்னால் குனிந்து ஊதுவார். ஊதி நிமிர்ந்தால் இருமல், இருமி முடித்தால் மறுபடி ஊதல். ஹாலிலிருந்து அவ்வப்போது அந்தச் சத்தம் கேட்கும், டிணுக். ஆபீஸ் பையன்கள் தொடங்கிய கேலி, கிளப்பில் ஒட்டிக்கொண்டுவிட்டது. வீம்புக்காகப் பஞ்சாபகேசையரும் தம் அரைச் சக்கரத்தைத் தண்ணீரில்தான் போடுகிறாராம். ஒவ்வொரு டிணுக்குக்கும் அடுப்படியில் சாம்பசிவனின் தோள் ஒரு தடவை குலுங்கும். மனசுக்குள் ஒரே பதிலைச் சொல்லிப் பார்த்துக்கொள்வார். 'எல்லார் காசும் ஒண்ணுபோலத்தான் சார். எல்லாம் ஒரே கிண்ணம்தான் சார்.' இப்போது 'சார்' தடையில்லாமல் வந்தது.

மீன மாதத்தில் ஒரு சாயங்காலம் அடுக்களைப் பின்வாசலில் நிழல் விழுந்தது. வேலப்பன்.

அவரை அழைத்து வந்தது பஞ்சாபகேசையரின் வாய்தான். தம் காசைக் கழுவிய அநியாயத்தை அவர் ஸ்ரீவராகம், கோட்டை, கச்சேரி என்று எட்டு மாதமாகச் சொல்லி ஆற்றிக்கொண்டிருந்தார். அது சுற்றிச் சுற்றி வேலப்பனின் ஆபீஸுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

வேலப்பன் உள்ளே வரவில்லை. புகைக்குள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினார். அடுப்புக்கு முன்னால் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தவர்தான் தமக்குத் தோசை வைத்தவர் என்று அறிய அவருக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

"சாமி, எனக்கு அறியாதே போச்சு" என்றார். "அந்தக் கிழவர் காசைக்கூட நீங்க கழுகினீங்களாமே? எல்லாருக்கும் அப்படித்தானா? அன்னைக்கு நான் வந்து, ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கலை. ஆபீஸில போய்ச் சொன்னேன், அவனுங்க வந்து ஆட்டம் காட்டிட்டுப் போனானுங்க."

சாம்பசிவன் எழுந்து நின்றார். இருமல் வந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"முதலாளியிட்டே இப்பவே பேசறேன்" என்றார் வேலப்பன். "நான் சொன்னா கேப்பார். எங்களைப் பார்த்து அவருக்குப் பயம் உண்டு. நாளைக்கே உங்களை ஹாலில நிறுத்தறேன். ஒரே ஒரு காரியம் எனக்குத் தெரிஞ்சா மதி, போதும். என் காசையும் மத்தவங்க காசையும் ஒண்ணுபோலத்தானே கழுகினீங்க?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. எட்டு மாதம் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்த பதில். ஹாலின் ஆறு ஜன்னல்களும் அதற்குள் இருந்தன. சாம்பசிவன் வாயைத் திறந்தார். காலடியில் ராத்திரி ரசத்துக்கு ஊற வைத்த புளி, கல்சட்டியில் கறுப்பாகக் கிடந்தது. கண் அதன்மேல் போயிற்று. பிறகு, எதிரே நின்ற முகத்தின்மேல். அது காத்துக்கொண்டிருந்தது. ஆம் என்று ஒரு தலையசைப்புப் போதும், உடனே நம்பிவிடும் என்று பார்த்தாலே தெரிந்தது.

"கழுவறது எல்லாத்தையுந்தான் சார்" என்றார் சாம்பசிவன். "தண்ணியை ஊத்தி ஒரு குலுக்கு. அவ்வளவுதான். உங்க பணத்தை மட்டும்... புளி போட்டுத் தேய்ச்சேன்."

அடுப்பில் விறகு சீறியது. "புதுப் பணம் அல்லே அது?" என்றார் வேலப்பன், தமக்குள்ளேயே பேசுகிற மாதிரி. "முதல் சம்பளத்தில நல்லதாப் பார்த்து எடுத்து வச்சது."

"தெரியும் சார்."

"சொல்லாம இருந்திருக்கலாம், சாமி."

"தெரியும்."

வேலப்பன் போய்விட்டார். முதலாளியிடம் பேசவில்லை, பேசாததற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. சாம்பசிவன் உட்கார்ந்து மறுபடி ஊதத் தொடங்கினார். அன்று ரசம் கொதித்து முடிகிறவரையில் அவர் ஒரு தடவைகூட இருமவில்லை என்று பக்கத்தில் அரைத்துக்கொண்டிருந்தவர் பிறகு சொன்னார்.

பாகீரதிக்கு மட்டும் ஒரு நாள் விஷயத்தைச் சொன்னார். அவள் அறையில் அப்பளம் இட்டுக்கொண்டிருந்தாள். குழவியை நிறுத்தாமலே கேட்டாள். "ஒரு பொய். ஒரே ஒரு பொய் சொன்னா என்ன குறைஞ்சிருக்கும் உங்களுக்கு?" அவர் இட்ட அப்பளங்களை எடுத்து முறத்தில் பரப்பினார். அவள் மறுபடி கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, அவர் கொண்டுவருகிற எந்தக் காசுக்கும் ஜலம் காட்டும்படி அவள் சொன்னதே இல்லை.

மூன்று வருஷம் அடுப்பு தாங்கியது. அல்லது அவர் தாங்கினார். 1116-இல் ஒரு நாள் அடுக்களையில் விழுந்தவரைச் சுமந்து வந்து பின்கட்டில் கிடத்தினார்கள். பிறகு வேலைக்குப் போகவில்லை. பாகீரதியின் அப்பளத்தில் குடும்பம் நடந்தது. வெங்கடேஸ்வரையர் காலமானார். பஞ்சாபகேசையரும் போய்ச் சேர்ந்தார். உலகச் சண்டைக் காலம் வந்தது. அரிசிக்கு ரேஷன், சர்க்கரைக்கு ரேஷன்.

1119 கர்க்கடகத்தில் ஒரு மத்தியானம், தர்மாஸ்பத்திரியிலிருந்து மருந்துப் புட்டியோடு திரும்பிக்கொண்டிருந்த சாம்பசிவனை ஆரியசாலையில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய இடம் அந்தக் கிளப்பின் வாசல். ஈரக் காற்றில் மூச்சு இழுத்தது. நிற்க முடியாமல் உள்ளே போய் உட்கார்ந்தார். கல்லாவில் வெங்கடேஸ்வரையரின் மருமகன். அவருக்கு இவரைத் தெரியாது. பரிமாறுகிறவர் பாலக்காட்டுப் பக்கத்து நடுவயதுக்காரர், அவருக்கும் தெரியாது. சுவரில் பலகை இருந்த சதுரத்துக்கும் வெள்ளையடித்திருந்தார்கள்.

பாகீரதி வழிச்செலவுக்கென்று கொடுத்திருந்த சக்கரங்கள் மடியில் இருந்தன. வாழ்நாளில் முதல் தடவையாகச் சாம்பசிவன் அந்த ஹாலில் காப்பி கொண்டுவரச் சொன்னார். வெல்லக் காப்பி வந்தது. சூடாக இருந்தது. நெஞ்சுக்கு இதமாக இருந்தது. மெல்லக் குடித்தார். குடித்து முடித்து, மடியிலிருந்து ஒரு சக்கரத்தை எடுத்து, டபராவுக்குப் பக்கத்தில் சத்தம் கேட்காமல் வைத்தார்.

"மாமா, அங்கே வெக்காதேங்கோ" என்றார் பரிமாறுகிறவர், போகிற போக்கில். "தம்ளர் தண்ணியில போடுங்கோ. இந்தக் கிளப்புல அதாக்கும் வழக்கம்."

"ஏனாம்?"

"ஆருக்குத் தெரியும்? நான் வந்த நாளா இப்படித்தான்."

சாம்பசிவன் சக்கரத்தை எடுத்தார். தாம் குடித்து மீந்த தண்ணீருக்கு மேலே பிடித்து விட்டார். டிணுக்.

பரிமாறுகிறவர் இரண்டு விரலை உள்ளே விட்டு அதை எடுத்தார். துண்டில் ஒரு துடைப்பு, இடுப்பில் ஒரு செருகல். "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்று அடுத்த மேசைக்குப் போனார். அவர் ஒரு தடவைகூடச் சாம்பசிவனின் முகத்தைப் பார்க்கவில்லை.

மழை விடவில்லை. சாம்பசிவன் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.